கரித்தால் கீழே ஊற்றச் சொன்ன டாக்டரம்மா

டாக்டர் கமலவேணி அம்மாள் காலமான செய்தி, ஒலிபெருக்கி வாடகைக்குக் கேட்டு வந்தவர் வாயிலாகத்தான் எனக்குத் தெரிந்தது.

கடையில் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். ஊர் விசேஷம் எதுவானாலும் முன்னால் நிற்கிறவர் ஒருவர் சைக்கிளில் வந்தார். இறங்கக்கூட இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கத்தினார். எனக்குக் காது மந்தம், முகத்துக்கு நேரே கத்தினால்தான் கேட்கும் என்பது எல்லாரும் அறிந்ததுதான்.

“ஞாயித்துக்கெழம செட்டு வேணும். ஆஸ்பத்திரி வாசல்ல.”

“எத்தனை குழாய்?”

“ரெண்டு போதும். பாட்டு வேணாம், மைக் மட்டும்.”

“பாட்டு இல்லாம என்னங்க விசேஷம்?”

“விசேஷம் இல்லங்க. இரங்கல் கூட்டம். நம்ம டாக்டரம்மா தவறிட்டாங்கல்ல, கும்பகோணத்துல. மகன் வீட்டுல இருந்தப்ப நெஞ்சு வலியாம்.”

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன்.

“முந்தாநாளே ஊருக்கெல்லாம் தெரியுமே. உங்களுக்கு யாரும் சொல்லலியா?” என்று வேறு கேட்டார்.

யாரும் சொல்லவில்லை. எனக்கு வேண்டிய செய்தியை எனக்கு வேண்டிய நேரத்தில் இந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. டாக்டரம்மா ஒருவர்தான் சொன்னார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கூட்டத்தில் பேச என்னை அழைக்கவில்லை. மைக்கைக் கொண்டுவருகிறவனிடம் மைக்கைக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் கிடையாது. பேசியவர்கள் கருணைக் கடல் என்றார்கள், நடமாடும் தெய்வம் என்றார்கள். அவர் உயிரோடு இருந்து கேட்டிருந்தால், “தெய்வத்துக்கு யாருங்க டிரான்ஸ்பர் போடுறது?” என்று கேட்டிருப்பார். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பேசியவர்கள் விட்டதை உங்களுக்காக எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டியவன். மின்சாரத்தை அது அடித்த அடியிலேயே படித்தவன். இதில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். நேரில் வந்து சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள்.

காரைக்கால் பகுதியில், நெடுங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு அவர் மாற்றலாகி வந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். கல்யாணமோ காதுகுத்தோ கோயில் விசேஷமோ, அந்த மரத்து உச்சியில்தான் என் பெரிய குழாய் ஏறும். அங்கே கட்டினால் நாலு பக்கத்து வயலுக்கும் கேட்கும். நடவு நடுகிற பெண்கள் அந்தப் பாட்டின் தாளத்துக்கே நாற்றை ஊன்றுவார்கள்.

ஒரு காதுகுத்து அன்று காலை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு ரோட்டைக் கடந்து நேராக மரத்தடிக்கு வந்தார்.

“குழாய்க்காரர் யாரு?”

“நான்தான்.”

“ஒரு பெரியவருக்கு நெஞ்சுல ஸ்டெத்தை வச்சேன். துடிப்புக்குப் பதிலா டூயட்டு கேக்குது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. “பாட்டு தெளிவா இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“பாட்டு தெளிவாத்தான் இருந்துச்சு. பெரியவர் நெஞ்சுதான் எப்படி இருக்குன்னு தெரியல. குழாயை அந்தப் பக்கம் திருப்பிக் கட்டுங்க.”

“இந்த மரத்துல நான் குழாய் கட்டி வருஷக்கணக்காவுது. ஆஸ்பத்திரி நேத்து வந்தது. வேணும்னா ஆஸ்பத்திரியைத் திருப்பிக்குங்க.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். “காதுகுத்து எப்ப முடியும்?”

“சாப்பாட்டுக்கு அப்புறம்.”

“அப்ப நெஞ்சு வலிக்காரங்களைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரச் சொல்றேன். சொறி சிரங்கையெல்லாம் பாட்டு கேட்டுக்கிட்டே பாத்துடலாம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் புகார் கொடுப்பார், அங்கே வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று என் பக்க நியாயங்களையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் புகார் கொடுக்கவே இல்லை. அத்தனை நியாயமும் வீணாய்ப் போயிற்று. அடுத்த விசேஷத்திலிருந்து ஆஸ்பத்திரி நேரத்தில் சத்தத்தைக் குறைத்து வைத்தேன். குழாயைத் திருப்பவில்லை. குறைப்பது வேறு, திருப்புவது வேறு.

எங்களுக்குள் பேச்சு வந்தது என் பேத்தியால். அதற்கு முன்னால் என் மூத்த மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்த காலம் அது. அவளுக்கு நடை வந்திருந்தது, பேச்சு வரவில்லை. வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்த நேரத்தில் வயிற்றால் போக ஆரம்பித்தது. தண்ணீர் உள்ளே போனால்தானே வெளியே போகும், வயிற்றைக் காயப்போடு என்றார்கள். பெரியவர்கள் சொன்னார்கள், அக்கம்பக்கம் சொன்னது, மருந்து கொடுத்தவரும் சொன்னார். சொம்பைப் பார்த்துப் பார்த்துக் கை நீட்டினாள். கொடுக்கவில்லை. போய்விட்டாள். அவள் பெயர் பவுனு.

பல வருஷம் கழித்து, அதே ஆடி மாதம், அதே புதுத் தண்ணீர். என் இரண்டாவது மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. உடன் வந்திருந்த சம்பந்தியம்மா சொம்பை எடுத்து உறிக்குப் பக்கத்தில் உயரத்தில் வைத்துவிட்டார்.

“பாலும் குடுக்காத, தண்ணியும் குடுக்காத. வயிறு காயட்டும். எங்க வீட்டுல எல்லாப் புள்ளைக்கும் இப்படித்தான் நின்னுச்சு” என்றார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். மூவரும் பின்னால் ஓடிவந்தார்கள்.

டாக்டரம்மா குழந்தையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். அது உடனே சமமாகவில்லை, மடிந்தே நின்றது. குழந்தை அழுதது. அவர் அதன் முகத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தார்.

“அழுவுது, ஆனா கண்ணுல தண்ணி வரல, பாத்தீங்களா? உள்ள தண்ணி இல்ல. எப்பலேர்ந்து தண்ணி குடுக்கல?”

சம்பந்தியம்மா முன்னால் வந்தார். “தண்ணி குடுத்தா இன்னும் போவும்ல டாக்டரம்மா? ஒரு ஊசி போட்டு நிறுத்தி விடுங்க.”

“ஓட்டைக் கொடத்துல தண்ணி ஊத்தாம வச்சா ஓட்டை அடைபடுமாம்மா? கொடம்தான் காஞ்சு போவும்.” ஒரு டம்ளரில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை எடுத்து என் மகள் கையில் கொடுத்தார். “இதான் ஊசி. கரண்டி கரண்டியாக் குத்தணும். வாந்தி எடுத்தா கொஞ்சம் பொறுத்து மறுபடி குடு. தாய்ப்பாலை நிறுத்தாத.”

ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர் என்று சம்பந்தியம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். என் மகள் கரண்டியால் கொடுத்துக்கொண்டே இருந்தாள். வெயில் தாழ்ந்தது. குழந்தை ஒரு தடவை வீறிட்டு அழுதது. டாக்டரம்மா வேறொருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர், அப்படியே எட்டிப் பார்த்தார்.

“கண்ணுல தண்ணி வந்துருச்சு. இனிமே பயமில்ல.”

ஒரு பிள்ளையின் கண்ணீரைப் பார்த்து ஒரு வீடே சிரித்தது அன்றுதான்.

நான் சிரித்துவிட்டு எழுந்து போகிறவனில்லை. டாக்டரம்மாவிடம் பவுனைப் பற்றிச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கேட்டேன்: “இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஊருல ஒருத்தருக்கும் தெரியல. இந்த நாலு செவுத்துக்குள்ள வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க? தண்ணி குடுக்காம காயப்போட்டவங்கதான் இங்க வருவாங்க. வெளியில சொல்லியிருந்தா காயப்போட்டிருக்கவே மாட்டாங்கல்ல?”

எனக்கு ஆறுதல் சொல்வார் என்று பக்கத்திலிருந்த நர்சம்மா எதிர்பார்த்திருப்பார். டாக்டரம்மா ஆறுதல் சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. “வர்றவங்ககிட்டல்லாம் சொல்றேன். வராதவங்களுக்கு எப்படிங்க சொல்றது? எங்கிட்ட இருக்கிறது ஒரு வாய்தானே” என்றார்.

“எங்கிட்ட குழாய் இருக்கு” என்றேன்.

மறுநாளே ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். அந்தத் தாள் இப்படித் தொடங்கியது: “குழந்தைகளுக்கு ஏற்படும் வயிற்றுப்போக்கின் விளைவாக உடலிலுள்ள நீர்ச்சத்தானது குறைவுபடுகிறது.”

“இதைப் படிச்சா பந்தல்ல உள்ளவன் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருவான்” என்றேன்.

“நீங்க எப்படிச் சொல்வீங்க?”

“வயித்தால போற புள்ளைக்குத் தண்ணி குடு. குடுக்கலன்னா செத்துப்போவும். அவ்வளவுதான்.”

முதல் பாதியை அவர் தன் தாளில் எழுதிக்கொண்டார். இரண்டாம் பாதியை ஒத்துக்கொள்ளவில்லை. அன்று அவர் சொன்னதை இன்றுவரை நான் மறக்கவில்லை: “பயத்தை நாம சொல்ல வேணாம். அது அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. நம்மகிட்ட வழிதான் இருக்கு, அதைச் சொல்லுவோம்.” நான் விடவில்லை. அவரும் விடவில்லை. கடைசியில், ரத்தமாகப் போனாலோ, கண் குழி விழுந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, ஒன்றுக்குப் போகாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வா என்று சேர்த்துக்கொண்டோம். சாவு என்ற சொல் மட்டும் வரவில்லை. எனக்கு அதில் இன்னும் முழுச் சம்மதமில்லை.

கோயில் நாட்டாமை வேறு ஒரு தடை போட்டார். “அம்மன் திருவிழாவுல, சாமி பாட்டுக்கு நடுவுல, வயித்தால போறதைப் பத்திச் சொல்றதா? நல்லாருக்கே!”

டாக்டரம்மா கோயில் வாசலுக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: “அம்மை போட்டா அம்மாகிட்டதானங்க வர்றீங்க? அதுக்கு மட்டும் வாசலைத் தொறந்து வச்சுக்கிட்டு, வயித்தால போனா மூடிக்குவாளா?”

நாட்டாமை இறங்கி வந்தார். தீபாராதனைக்குப் பிறகு, நாடகம் தொடங்குவதற்கு முன், ஜனம் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் கொடுத்தார். அதைவிட நல்ல நேரம் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. அவர் மீதியானதைக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. நான் செட்டுக் கட்டிய ஊரிலெல்லாம் முதல் பாட்டுக்கு முன்னால் இதைச் சொன்னேன்: காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு சொம்பு, சின்னக் கையால் ஒரு பிடி சர்க்கரை, மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு. காசெட் வந்த பிறகும் பதிவு செய்து போடவில்லை. என் வாயாலேயே சொன்னேன். சில ஊரில் கைதட்டினார்கள், சில ஊரில் “பாட்டைப் போடுய்யா” என்று கத்தினார்கள். கத்தின ஊரில் இரண்டு தடவை சொன்னேன்.

காரைக்கால்மேட்டில்தான் அது சறுக்கியது. அந்தக் கடற்கரை ஊரின் திருவிழாவுக்குச் செட்டுக் கட்டி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள், வாரம் ஒரு முறை அங்கே போய் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டரம்மா, போகிற வழியில் என் கடை வாசலில் ஜீப்பை நிறுத்தினார். “வாங்க, உங்க குழாய் என்ன செஞ்சிருக்குன்னு பாப்போம்” என்று விளையாட்டாகத்தான் கூப்பிட்டார். நானும் ஏறிக்கொண்டேன்.

அங்கே அஞ்சலை என்று ஒரு அம்மாள். கருவாடு போடுகிறவர். பேரனை மடியில் போட்டுக்கொண்டு கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை முகத்தைத் திருப்பித் திருப்பித் துப்பியது. உதடு வெடித்து, தாகம் தாங்காமல் கத்திக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அஞ்சலை பெருமையாகச் சொன்னார்: “கொழாயில சொன்னாப்புலயே குடுக்கறேன் தாயி. எங்க மாமியா காயப்போடச் சொன்னா. நான் கேக்கவேயில்ல.”

டாக்டரம்மா சொம்பிலிருந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். அவர் முகம் மாறியதை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

“இதுல எவ்வளவு உப்பு போட்டீங்கம்மா?”

“ஒரு சிட்டிகை.”

“எப்படி எடுத்தீங்க, காட்டுங்க.”

அஞ்சலை பக்கத்திலிருந்த உப்புச் சட்டியில் கையை விட்டு எடுத்துக் காட்டினார். மீனை வகிர்ந்து, கல்லுப்பை அள்ளி அள்ளி வைத்துத் தேய்த்த கை அது. விரல் ஐந்தும் சேர்ந்துதான் போயிற்று, உள்ளங்கை நிறைய வந்தது.

“இதுவாம்மா சிட்டிகை?”

“எங்க ஊருல இதான் சிட்டிகை. ஒரு கைன்னா இன்னும் வரும்ல?”

டாக்டரம்மா அந்தச் சொம்பைக் கவிழ்த்துவிட்டு, காய்ச்சி ஆறவைத்திருந்த வெறும் தண்ணீரை வழியெல்லாம் கொடுக்கச் சொன்னார். உடனே பிள்ளையை அதன் தாயோடு ஜீப்பில் ஏற்றிக் காரைக்கால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஜீப் போன பிறகு நாங்கள் இருவரும் அஞ்சலையோடு மணலில் நின்றோம். தண்ணீர் கொடுக்காமலிருப்பது எப்படிக் கெடுதலோ, அப்படித்தான் உப்பு மிஞ்சிப்போவதும் என்று டாக்டரம்மா சொன்னார். அதைக் கேட்டு அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“நான் மாமியா பேச்சக் கேட்டிருக்கணுமா தாயி?”

“இல்ல. நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. தப்பு எங்களுது. என் சிட்டிகையை வச்சு உங்க ஊருக்கு அளவு சொல்லிட்டேன்.”

நான் நின்றுகொண்டு கேட்டேன். ‘எங்களுது’ என்றார். குழாயில் சொன்னவன் நான். ‘குழாய்க்காரர் சரியாச் சொல்லல’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அவர் அந்த வழியாகவே போகவில்லை. அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் எந்த அளவு ஒன்றுபோல இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தார். அழுத அம்மாளின் கன்னத்தில் வழிந்தது உதட்டில் இறங்கியது. அதைப் பார்த்தவர் மெதுவாகக் கேட்டார்:

“இப்ப வாயில படுதே, அது எவ்வளவு கரிக்குது?”

“கொஞ்சம்தான் தாயி.”

“அவ்வளவுதான் உப்பு. அதுக்கு மேல கரிச்சா புள்ளைக்குக் குடுக்காதீங்க. மொதல்ல நீங்க நாக்குல வச்சுப் பாருங்க. கண்ணீரை விடக் கரிச்சா கீழ ஊத்திடுங்க.”

அங்கே சுற்றி நின்ற பெண்களுக்கு வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. திரும்பும்போது பஸ்சில் என்னிடம் சொன்னார்: “கரண்டி வீட்டுக்கு வீடு மாறுதுங்க, கை ஊருக்கு ஊர் மாறுது. அழுகை மாறாது பாருங்க.” சர்க்கரை இல்லாத வீட்டுக்குச் சோறு வடித்த கஞ்சித் தண்ணீரையே கொஞ்சமாக உப்புப் போட்டுக் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அஞ்சலையின் பேரன் பிழைத்துக்கொண்டான். இப்போது கட்டுமரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கிற வயது.

அடுத்த வருஷம் காரைக்கால்மேட்டுத் திருவிழாவில் நான் மைக்கில், “கண்ணீரை விடக் கரிச்சா...” என்று சொல்லி மூச்சு வாங்கினேன். அதற்குள் அஞ்சலையும் அவர் தெருப் பெண்களும் “கீழ ஊத்து!” என்று ஒன்றாகக் கத்தினார்கள். பந்தல் முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் அந்த இடத்தில் நான் வேண்டுமென்றே நிறுத்துவேன். நாடகக்காரர்களுக்குக் கிடைக்காத கைதட்டல் எனக்குக் கிடைத்தது என்று அவர்களுக்குப் பொறாமை.

டாக்டரம்மாவிடம் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. ஊசி கேட்டு வந்தவர்களை வெறும் கையோடு அனுப்பினால் அவர்கள் வேறு இடத்தில் போய்ப் போட்டுக்கொண்டார்கள். மருந்து இல்லாவிட்டாலும் ஒரு வெறும் சத்து மாத்திரையாவது கொடுத்தனுப்பலாமே என்று சொன்னேன். “பொய்யான மாத்திரைய நான் குடுத்தா, அப்புறம் நெஜத்தைச் சொல்லும்போது யாரு நம்புவா?” என்றார். அதில் அவர் சொன்னது சரியா நான் சொன்னது சரியா என்பது இன்னும் தீரவில்லை. நடவுப் பெண்களுக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தால், வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவி, பழந்துணியால் இடுக்கைத் துடைத்து உலர விடச் சொல்வார். “ஈரத்தோட படுத்தா மருந்தும் வேலை செய்யாது” என்பார். அதில் மட்டும் எனக்குச் சண்டையில்லை. என் மனைவி அப்படித்தான் குணமானாள்.

என் காதைப் பற்றியும் அவர்தான் முதலில் சொன்னார். கடையில் பேசிக்கொண்டிருந்தபோது, “நீங்க கோவமா இருக்கீங்களா, இல்ல காது கேக்கலியா?” என்று கேட்டார்.

“ஏன்?”

“பக்கத்துல உள்ள ஆளுகிட்ட பக்கத்து ஊருக்குப் பேசுறீங்க.”

என்னை நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுப் பக்கம் நின்றுகொண்டு மெதுவாகப் பேசிப் பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. “குழாய்க்கு நேரா நிக்காதீங்க. ஆம்ப்ளிஃபயரைப் பின்னால தள்ளி வைங்க. நடுநடுவுல காதுக்கு ஓய்வு குடுங்க. காதுக்குள்ள போனது திரும்ப வராது. இருக்கிறதை வச்சுக்கலாம்” என்றார்.

“தள்ளி நின்னா சத்தம் சரியா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அந்த முள்ளு எதுக்கு இருக்கு?”

என் ஆம்ப்ளிஃபயரின் முன்பக்கத்தில், சத்தத்துக்குத் தக்கபடி ஆடும் ஒரு முள் உண்டு. நான் அதைப் பார்த்துத் தொழில் செய்ததில்லை. காதால் செய்தவன். அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. அதற்காக இப்போது வருத்தப்படுவதாகவும் எழுத மாட்டேன். தொழில் தொழில்தான். ஆனால் காது போன பிறகு அந்த முள்ளைப் பார்த்துத்தான் பிழைக்கிறேன். அதைக் காட்டியவர் அவர்தான்.

இரங்கல் கூட்டத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே தூங்குமூஞ்சி மரத்தில் குழாயைக் கட்டினேன், பழைய திசையிலேயே. தலைவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். காரைக்கால்மேட்டிலிருந்து அஞ்சலையும் பத்துப் பதினைந்து பெண்களும் பஸ் பிடித்து வந்து மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எல்லாரும் “ஹலோ, ஹலோ” என்பார்கள். நான் ஹலோ சொல்லவில்லை.

“தாய்மார்களே, வயித்தால போற புள்ளைக்குத் தண்ணி குடுங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. கஞ்சித் தண்ணி குடுங்க” என்று தொடங்கினேன்.

சைக்கிளில் வந்து ஆர்டர் கொடுத்தவர் மேடையை விட்டு ஓடிவந்தார். அவர் கேட்டது வாய் அசைவைப் பார்த்ததுமே தெரிந்தது. “என்னங்க இது, இரங்கல் கூட்டத்துல! வேற பேச்சு இல்லியா?”

“எனக்குக் காது கேக்காதுங்க” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். “உப்பு போட்டா மொதல்ல நீங்க நாக்குல வச்சுப் பாருங்க. கண்ணீரை விடக் கரிச்சா...”

அந்த இடத்தில் வழக்கமாக நான் வேண்டுமென்று நிறுத்துவேன். அன்று வேண்டுமென்று நிறுத்தவில்லை. அதற்கு மேல் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

முன்வரிசைப் பெண்களின் வாய் அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கையில் பிடித்திருந்த மைக்கை அவர்கள் பக்கம் நீட்டிவிட்டு ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். முள் எழுந்து வலது ஓரம் வரை போய் நின்றது. இரண்டு வார்த்தை சொல்கிற நேரம் நின்றுவிட்டு இறங்கியது.

அதற்குப் பிறகு மைக்கைத் தலைவர்களிடம் கொடுத்தேன். அவர்கள் பேசியபோதெல்லாம் முள் அந்த இடத்துக்கு ஏறவில்லை.

இப்போது கடையில் உப்புக் கரைசல் பொட்டலம் கிடைக்கிறது, இனிமேல் இதையெல்லாம் குழாயில் சொல்ல வேண்டுமா என்று என் மகனே கேட்கிறான். பொட்டலம் நல்லதுதான், டாக்டரம்மாவே கொடுத்தார். ஆனால் பொட்டலம் வாங்க வேண்டும் என்று தெரியாத வீட்டில் சொம்பு இன்னும் உயரத்தில்தான் இருக்கும். பவுனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை. தீர வேண்டும் என்று டாக்டரம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கோபத்துக்கு அவர் ஒரு வேலை கொடுத்தார். அதைத்தான் நான் வைத்திருக்கிறேன். குழாய் மரத்தில் ஏறுகிற வரையில், முதல் பாட்டுக்கு முன்னால் அந்த வேலை நடக்கும்.